ருசி பார்த்த பாதி

மார்ச் 3, செவ்வாய்

போய்வந்த களைப்பு. குதிகால் விண் விண் என்று தெறிக்கிறது. இன்றைக்கு ஒரு பயணி தலையணை கேட்டு மணி அடித்தார். கொண்டுபோய்க் கொடுத்தால், இது வேண்டாம், முன் வரிசைக்காரர் வைத்திருக்கிறாரே அந்த மாதிரி வேண்டுமாம். இரண்டும் ஒரே துணி, ஒரே பஞ்சு. பின்பக்கக் கிச்சனுக்கு எடுத்துப்போய் இரண்டு தட்டு தட்டி அதையே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். "இதுதான் சரி" என்றார். விமானப் பணிப்பெண் வேலை என்றால் ஆகாயத்தில் மிதப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பொடிசு. என் தங்கை. முப்பது வயதாகிறது, பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர், அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஃபேன் சுத்துகிற சத்தம்தான் கேட்குமாம். எனக்கு என்றைக்கும் பொடிசுதான்.

மாப்பிள்ளை கடல் தாண்டி வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே வீடு பிடித்துவிட்டார். இவளுக்கும் அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரல் நடுவில் சேர வேண்டும். இனிப்பு கொடுத்துக் கொண்டாட வேண்டியவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே போக விமானத்தை விட்டால் வேறு வழி இல்லை. அவள் இன்றுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. அக்கா வாரத்தில் பாதி நாள் வானத்தில், தங்கை பஸ்ஸைத் தாண்டி வந்ததில்லை.

எல்லாம் அந்த வேர்க்கடலையால். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். பூட்டிய விமானத்துக்குள் அப்படி ஆனால் எங்கே இறங்கி ஓடுவது?

"வரலைன்னு சொல்லிடவா அக்கா?" என்றாள்.

வேலைக்கா, மாப்பிள்ளைக்கா என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஆறி அவலாகப் போய்விட்டது.

மார்ச் 9, திங்கள்

பழசு ஞாபகம் வந்தது, எழுதி வைக்கிறேன்.

அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினொன்று. பக்கத்து வீட்டுப் பிறந்தநாள். ஏதோ ஒரு கேக், அதற்குள் பொடித்த கடலை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். அன்றைக்கு டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கடலை என்கிற எதிரி அறிமுகம்.

மறுநாளிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டேன். பொடிசு எதைத் தின்பதாக இருந்தாலும் முதலில் நான் பிரிக்க வேண்டும், நான் பாதி தின்ன வேண்டும். கண்ணை மூடி மென்று, நாக்கால் துழாவி, கடலை இல்லை என்று தெரிந்தால் "அக்கா ருசி பார்த்தாச்சு" என்று சொல்வேன். அப்புறம்தான் அவள் வாயைத் திறப்பாள். குருவிக்குஞ்சு மாதிரி திறந்துகொண்டு காத்திருப்பாள். என் பாதி எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று இன்றுவரை குற்றம் சொல்கிறாள். பொய் இல்லை.

அவள் கல்யாணத்திலும் விடவில்லை. மாப்பிள்ளை ஸ்பூனில் இனிப்பை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டுகிறார், இவள் வாயைத் திறக்காமல் என்னைத் தேடுகிறாள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த ஸ்பூனில் பாதியைத் தின்றேன். போட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் அந்தப் படமே ஆடிப்போய் வந்தது.

மார்ச் 21, சனி

சண்டை. நல்ல சண்டை, அம்மா டிவியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு.

நான் எல்லாம் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன்: கடலை துளிகூட இல்லாத விமானம் என்று எங்கள் கம்பெனி எழுதிக் கொடுக்காது, ஆனால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்யும். முன்கூட்டியே சொன்னால் அந்தப் பயணத்துக்குக் கடலைப் பொட்டலம் ஏற்றாமல் பிஸ்கட் ஏற்றுவார்கள். அவளை எல்லோருக்கும் முன்னால் ஏற்றி, சீட்டையும் தட்டையும் துடைத்துக்கொள்ள விடுவார்கள். சாப்பாடு அவளே கொண்டுவரலாம். கடலை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிரிக்காதீர்கள் என்று மைக்கில் அறிவிப்போம்.

மைக் என்றதும் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன தொலைஞ்சு போன பெட்டியா, மைக்ல கூவுறதுக்கு?"

பேர் சொல்ல மாட்டோம், சீட் நம்பர் சொல்ல மாட்டோம் என்றேன். எல்லாரும் திரும்பித் திரும்பித் தேடுவாங்க, எனக்கு வேண்டாம் என்றாள். உயிரைவிட வெட்கம் பெரிசா என்று கத்தினேன். உனக்கு எப்பவுமே என்னை ஊர் பார்க்கத் தூக்கிக்காட்டணும் என்று அவள் கத்தினாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் அம்மாவின் குரல்தான் வரும். அதை அம்மாவே சொல்லிவிட்டு டிவியைப் போட்டாள்.

இவர், என் வீட்டுக்காரர், ஒருத்தர்தான் சண்டையில் சேரவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மாப்ள அங்க தனியா சமைச்சுக் கருக்கிட்டு இருக்கான்மா" என்று மட்டும் சொன்னார்.

பொடிசு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு டீச்சராக மாறினாள். அறிவிப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவள் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது. டப்பாவில் இருக்கிற சாப்பாட்டைத் தவிர எதையும் தொட மாட்டாள். என்ன பொட்டலமானாலும் தன் கையால்தான் பிரிப்பாள். சரி என்று சொல்லு என்றாள். சரி சரி என்றேன். பொடிசு போடுகிற சட்டத்தையெல்லாம் யார் மண்டையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

வேலை அட்டவணை வந்தது. ஏப்ரல் 11, அவள் போகிற அதே விமானம், நான்தான் மூத்த பணிப்பெண். மேலதிகாரியைக் கெஞ்சின கெஞ்சு வீண் போகவில்லை. கூட வருகிறவள் ரேடியோ. புதுப்பெண், ஏறினதிலிருந்து இறங்குகிறவரை வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். நல்ல பிள்ளை.

ஏப்ரல் 2, வியாழன்

பொடிசு எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாள். அவள் எப்போதும் கூடவே வைத்திருக்கிற ஊசி மருந்துக்கு எங்கள் வீட்டில் பேனா என்று பெயர், பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். மூடியைக் கழற்று, தொடையின் வெளிப்பக்கம் வை, துணிமேலேயே அழுத்து, பிடித்துக்கொள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனா ஒன்று இருக்கிறது. இவருடைய தொடையில் ஆளுக்கு ஒரு தடவை. பேனா கிட்டே போகும் முன்னாலேயே இவர் முனகினார். ரேடியோவையும் வரச்சொல்லி இருந்தேன், அவள் பேசிக்கொண்டே குத்தினாள்.

என் முறை வந்தபோது, எனக்கு எதுக்குடி, நான் வருஷா வருஷம் பரீட்சையே எழுதிப் பாஸ் பண்றேன் என்றேன்.

"எழுதுறது வேற அக்கா" என்றாள்.

அந்தப் பேனாவை இடுப்பில் கட்டிக்கொள்ள இவர் ஒரு பை தைத்துக் கொடுத்தார். முதலில் கறுப்பு. அவசரத்துக்குக் கண்ணில் படாது என்று பிரித்துவிட்டுச் சிவப்பில் தைத்தார். அதிலும் ஜிப் சத்தமாக இல்லை என்று மாற்றினார். கல்யாணப் புடவை ரவிக்கைக்குக்கூட எனக்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளைக்கு. அவள் பெட்டியை மூன்றாவது தடவையாக நான்தான் பிரித்து அடுக்கினேன்.

ஏப்ரல் 11, சனி

எழுத வரலை. அவ நல்லா இருக்கா. அதை முதல்ல எழுதிடணும். அவ நல்லா இருக்கா.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஓட்டல் அறை. நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அவளை முதலில் ஏற்றினோம். சன்னல் ஓரம். சீட், தட்டு, கைப்பிடி, பெல்ட் கொக்கி என்று அவளே துடைத்தாள். கேப்டன் நல்ல மனிதர், அறிவிப்பை இரண்டு தடவை செய்யச் சொன்னார். நான்தான் மைக்கில் சொன்னேன். சொல்லும்போது அவள் பக்கம் பார்க்கவே இல்லை, கொடுத்த வாக்கு.

ஜனங்கள் இப்படி இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. முணுமுணுப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருத்தர் பையைத் திறந்து மிக்சர் பொட்டலத்தைத் தானாகவே எடுத்து நீட்டினார். ஒரு அம்மா சாக்லேட்டைக் காட்டி, "இதுல இருக்கா பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது" என்றார். ஒரு ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று வாழைப்பழத்தைக் கொடுத்தார். என் தங்கைக்காக ஒரு விமானமே பட்டினி கிடக்கத் தயார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் கையுறை போட்டு வாங்கி, பையில் போட்டுக் கட்டி, பின்னால் வைத்தேன்.

விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்தது. எழுந்து நடந்தால் கடைசி வரிசையில் கடலை வாசனை. வறுத்த கடலை. அறிவிப்பின்போது தூங்கிப்போன மனிதர் ஒருவர் நிம்மதியாகக் கொறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், "ஐயையோ, தெரியாதும்மா" என்று மீதியை அப்படியே என் உள்ளங்கையில் கொட்டினார். தட்டில் இருந்த தூளையும் வழித்துக் கொடுத்தார். கையுறை போட மறந்திருந்தேன். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, எங்கள் சுவரில் தொங்குகிற ஜெல்லை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற காரியம். தேய்த்தால் கை சுத்தம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

நேரே அவளிடம் போனேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, அந்த டப்பா திறக்காமலே மடியில் இருந்தது. பார்த்ததும் எனக்குள் என்னமோ செய்தது. அவளுக்காகவே ஏற்றின பிஸ்கட் ஒரு பொட்டலம் எடுத்தேன். நான் பிரித்தேன். நான் உடைத்தேன். பாதியை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றேன்.

"அக்கா ருசி பார்த்தாச்சு."

கண்ணைத் திறந்து சிரித்தாள். முப்பது வயது டீச்சர், வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன்.

என் கையாலேயே ஊட்டினேனே. பாவி. அந்தக் கையாலேயே.

இரண்டு வரிசை தாண்டியிருப்பேன். "அக்கா" என்றாள். குரலே மாறியிருந்தது. திரும்பினால் உதடு தடித்திருக்கிறது, கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. "உதடு" என்றாள்.

நான் நின்றேன். அதுதான் நான் செய்தது. வருஷா வருஷம் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துப் பாஸ் பண்ணினவள் மரம் மாதிரி நின்றேன். என்ன செய்யணும்னு எல்லாம் தெரியும், காலு வரலை.

ஜிப் சத்தம் கேட்டது. இவர் மாற்றி மாற்றித் தைத்த அந்த ஜிப். பொடிசு பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், தொடையில் வைத்து அழுத்தினாள். "ரேடியோ, டைம் பாரு" என்றாள். ரேடியோ அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வார்த்தை பேசாமல் ஓடினாள். ஆக்சிஜன் கொண்டுவந்தாள், டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று மைக்கில் கேட்டாள், கேப்டனுக்குச் சொன்னாள். குழந்தை டாக்டர் ஒருவர் எழுந்து ஓடிவந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சொல்லாமலே எழுந்து சீட்டைக் காலி பண்ணினார்கள். அவளை நீட்டிப் படுக்க வைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். எனக்குச் செய்யத் தெரிந்தது அந்தக் காலைப் பிடித்துக்கொள்வதுதான்.

வேறு ஊரில் இறக்கணுமா என்று கேப்டன் கேட்டு அனுப்பினார். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே. வீக்கம் நின்றது. மூச்சு சீரானது. பையில் இருந்த இரண்டாவது பேனா தேவைப்படவில்லை, நேரே போகலாம் என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கைய கழுவினியா?"

ஜெல் போட்டேன் என்றேன்.

"ஜெல்லு கிருமியைத்தான் கொல்லும். கடலைய ஒண்ணும் பண்ணாது. சோப்பு போட்டு, தண்ணி ஊத்திக் கழுவணும்." வகுப்பில் சொல்கிற அதே குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "போய்க் கழுவிட்டு வா. வந்து இதே இடத்துல உக்காரு" என்றாள்.

கழிப்பறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தோல் சிவக்கிறவரை கழுவினேன். அங்கே அழுது முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இறங்கினதும் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ரேடியோ என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை விரட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளை ஓடி வந்தார், ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. அவளைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

கிளம்பும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சின்ன வீடு, சன்னலுக்கு வெளியே ஒரு மரம். சமையலறையில் கரி பிடித்த பாத்திரமெல்லாம் வரிசையாக இருந்தது, இவர் சொன்னது சரிதான்.

என்னால்தான் என்று அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். நானே சொல்லிட்டேன் என்றாள். நானும்தானே வாயைத் திறந்தேன், என் சட்டத்தை நானே மீறினேன் என்று சொன்னாளாம். அப்புறம் போன் செய்தபோது அம்மா என்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம்.

வாசல்வரை வந்தாள். "இனிமே நீ ருசி பார்க்க வேண்டாம் அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்டேன். மரத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை என்னால ஏற முடியுமான்னு தெரியலை என்றாள்.

ஆக, மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். எங்களிடம் திரும்பி வருகிற வழியை நானே அடைத்தும் விட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

நடந்ததை ஒளிக்காமல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுபடி பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள், போகிறேன். இனி கடலை விஷயம் வந்தால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லப் போகிறார்களாம். ரேடியோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சோப்பு சோப்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மே 8, வெள்ளி

தினமும் போனில் பேசுகிறாள். பள்ளி, பிள்ளைகள், மாப்பிள்ளை வாங்கிய குக்கர். வருவதைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நான் கேட்டால் "பார்க்கலாம்". அந்த "பார்க்கலாம்" எனக்குத் தெரியும். சின்ன வயதில் பல் டாக்டரிடம் போக அதைத்தான் சொல்வாள்.

ஜூலை 14, செவ்வாய்

கழுவிக் கழுவி என் கை வறண்டு வெடித்துவிட்டது. இவர் பார்த்துப் பரிதாபப்பட்டு க்ரீம் வாங்கி வந்தார். படித்துப் பார்த்தால் பாதாம் எண்ணெய். பாதாம் வேறு, வேர்க்கடலை வேறு, பொடிசுக்குப் பாதாம் ஒன்றும் செய்யாது, அவள் இங்கே இல்லவும் இல்லை. எல்லாம் தெரியும். இருந்தும் அந்த டப்பாவை வீட்டுக்குள் வைக்க மனசு வரவில்லை. மனிதர் எடுத்துப்போய் வேறு மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அவளுக்கு லீவு விடுகிறார்களாம். மாப்பிள்ளைக்கு விடவில்லையாம். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்காமல் இருக்கப் பழகுகிறேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

இன்று எனக்கு வார ஓய்வு. காலையில் ரேடியோவிடமிருந்து போன். அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற விமான நிலையத்திலிருந்து பேசுகிறாள், குரலில் மூச்சு முட்டுகிறது. "அக்கா, என் ஃப்ளைட்டுல யார் ஏறியிருக்காங்க தெரியுமா?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தனியாக ஏறியிருக்கிறாள் கழுதை.

ரேடியோ கதவு மூடுகிறவரை விடாமல் சொன்னாள். அறிவிப்பு முடிந்ததும் பொடிசு தானே எழுந்து நின்றாளாம். முன்னால் இருக்கிறவர்களையும் பின்னால் இருக்கிறவர்களையும் பார்த்து, "அது நான்தாங்க. எனக்கு வேர்க்கடலை ஆகாது, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றாளாம். சிவப்புப் பையைக் காட்டி, பேனாவை எப்படிப் போடுவது என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு வகுப்பே எடுத்துவிட்டாளாம். தொலைந்து போன பெட்டியா நான் என்று சண்டை போட்டவள்.

அந்த மூன்று மணி நேரமும் நான் என்ன செய்தேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. வீட்டைப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். இவர் என்னை வண்டியில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இத்தனை வருஷத்தில் சீருடை இல்லாமல், கம்பிக்கு இந்தப் பக்கம், காத்திருக்கிற கூட்டத்தோடு நின்றது இதுதான் முதல் தடவை. முன்னால் நிற்கிறவர்கள் தலைக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன். இவர் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் சிவப்புப் பையோடு. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் போல. உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். சரியாக இருந்தது.

கட்டிப்பிடிக்கப் போன என்னைக் கை காட்டி நிறுத்தினாள். "கைய கழுவினியா?"

"சோப்பு போட்டு" என்றேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் எடுத்தாள். அவளே பிரித்தாள். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள், கொஞ்சம் பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, இவள் கண்ணை மூடிக்கொண்டு நடுவழியில் நின்று மெதுவாக மெல்கிறாள்.

"தங்கச்சி ருசி பார்த்தாச்சு" என்றாள். "வாயைத் திற."

திறந்தேன். பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது.